கேம்ப் சைட் ரிவியூவில் ஓனர் யார் என்று எழுத வேண்டுமா?

காலிவீதி:

கிழக்குக் கடற்கரையில் படைத்தரப்பு நடத்துகிற ஒரு தங்குமிடம் பற்றி இங்கே ரிவியூ போட்டிருந்தேன். மணல் எப்படி, டென்ட் அடிக்கிற இடத்தில் நிழல் உண்டா, இரவில் காவல் உண்டா, சாப்பாடு என்ன விலை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "இதை நடத்துவது முப்படைகளில் ஒன்று. நீங்கள் கட்டுகிற காசு அங்கேதான் போகும்." அந்த வரிக்கு வந்த தனிமடல்களைப் பார்த்தால் ஏதோ அரச இரகசியத்தை வெளியே விட்டவன் போல ஆகிவிட்டேன். "ரிவியூவில் அரசியல் எதற்கு?" என்று ஒருவர். "பிடிக்காவிட்டால் போகாமல் இருந்திருக்கலாமே" என்று இன்னொருவர்.

இதில் இரகசியம் எங்கே இருக்கிறது? காங்கேசன்துறை தல்செவன ஹோட்டல் இராணுவத்துடையது. காரைநகர் ஹம்மன்ஹீல் தங்குமிடம் கடற்படையுடையது. திருகோணமலை மார்பிள் பீச் விமானப்படையுடையது. லாயா என்ற பெயரில் வாதுவையிலும் யால பக்கமும் இருப்பவை இராணுவத்தின் ஹோட்டல்கள். நடத்துகிறவர்களே மறைப்பதில்லை. மறைப்பது நாங்கள்தான். நம் ஆட்கள் எழுதியதை எடுத்துப் பாருங்கள்: கடல் நீலம், அறை சுத்தம், ஐந்து நட்சத்திரம், முடிந்தது.

அந்தக் காங்கேசன்துறை இருக்கிற வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் வீட்டை விட்டு எழும்பிய ஒருவர் இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறார் என்று வையுங்கள். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டப் போகிறார், தங்க இடம் தேடுகிறார். அவருக்கு அந்த ஒரு வரி தேவை. போவதும் போகாததும் அவர் பாடு. வாசலில் சீருடையைக் கண்ட பிறகுதான் அவருக்கு விஷயம் தெரியவேண்டும் என்றால் நான் ரிவியூ எழுதி என்ன பயன்?

ஓனர் யார் என்று எழுதுவதை இங்கே கட்டாயமாக்கினால் என்ன? அதைத்தான் கேட்க வந்தேன்.

பழையபஸ்:

தம்பி, உமக்குத் தனிமடல் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒளிக்க ஒன்றும் இல்லை, இங்கேயே சொல்கிறேன்.

நான் ரிவியூ வாசிப்பது மழை பெய்தால் டென்டுக்குள் தண்ணீர் வருமா, அட்டை கடிக்குமா, பக்கத்து டென்ட்காரன் விடியும்வரை பாட்டுப் போடுவானா என்று அறிய. சினமன் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு எழுதுகிற ஆள் "இது ஜோன் கீல்ஸ் கம்பனியுடையது" என்று எழுதுவதில்லை. ஹெரிட்டன்ஸில் தங்கியவர் "எய்ட்கன் ஸ்பென்ஸ்" என்று எழுதுவதில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் டென்ட் அடித்தவர் எவராவது வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் காசு போகிறது என்று எச்சரித்ததை நான் காணவில்லை. உமக்கு ஒரு சில ஓனர்கள்தான் கண்ணில் குத்துகிறார்கள். அதைச் சொல்லிவிட்டுச் செய்யும், பிரச்சினை இல்லை. எல்லாருக்கும் சட்டம் போடவேண்டாம்.

காலிவீதி:

பேச்சை மாற்றுகிறீர்கள் அண்ணா. ஜோன் கீல்ஸ் பங்குச்சந்தையில் இருக்கிற கம்பனி. பெரிய பங்குதாரர்கள் இருபது பேரின் பெயர் ஒவ்வொரு வருட அறிக்கையிலும் அச்சாகிறது. அதை நான் ரிவியூவில் திரும்பச் சொல்லவேண்டியதில்லை.

வனஜீவராசிகள் திணைக்களத்தை நீங்களே இழுத்தது நல்லது. ஓனர் யார் என்பது தெரியாமல் அலைந்தவர்கள் அங்கேதான் அதிகம். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில். நக்கிள்ஸ் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில். இரண்டும் 2010இல் ஒரே உலக மரபுரிமைப் பெயருக்குள் போனவை என்பதால் ஒரே அலுவலகம் என்று நினைத்துக்கொண்டு, அனுமதிக்கு மாறிப் போய் நிற்கிறார்கள். "இந்த இடம் இன்ன திணைக்களத்துடையது" என்று யாராவது ரிவியூவில் எழுதியிருந்தால் ஒரு நாள் லீவு மிச்சம். இதிலே அரசியல் எங்கே?

மருதானைவாசி:

கட்டாயம் என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு வயிறு கலங்கியது. காலிவீதி, நீங்கள் நல்ல மனதோடு கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் "ஓனர் யார்" என்ற கேள்வி இந்த நாட்டில் என்ன வேலை செய்திருக்கிறது என்று ஒருக்கா யோசியுங்கள்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி ஃபோனுக்கு ஃபோன் செய்திகள் சுற்றின. எந்தப் புடவைக்கடை யாருடையது, எந்தச் சாப்பாட்டுக்கடை யாருடையது என்று. எழுதியவர்களைக் கேட்டால் "வாடிக்கையாளருக்குத் தகவல் தருகிறோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடுத்த மாதம் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. அதற்கு முந்திய வருடம் திகனவிலும் அதே கதைதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள், 83 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு பார்த்து வந்த கதையைச் சொல்வார்கள். யாருடையது என்ற தகவல் அவர்களுக்கும் தேவைப்பட்டது.

என் உறவுக்காரர் ஒருவர் மலைப்பக்கம் சின்னதாக ஒரு கேம்ப் சைட் நடத்துகிறார். பலகையில் இருப்பது அவருடைய பெயரும் இல்லை, அவருடைய மொழியும் இல்லை. ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. அங்கே போய் டென்டில் படுத்துவிட்டு வருகிற ஒருவர் "நல்ல இடம், ஓனர் ஒரு முஸ்லிம் ஆள், தங்கமான மனிதர்" என்று எழுதினால் அது பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பாராட்டை வேறொருவன் வேறொரு நாளில் தேடி எடுப்பான்.

இராணுவம் நடத்துகிறது என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எல்லாருக்கும் கட்டாயம் என்று மட்டும் ஆக்காதீர்கள்.

காலிவீதி:

ஃபோனில் சுற்றிய அந்தச் செய்திகள் எனக்கும் வந்தன நானா. நீங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு கேள்வியைச் சுருக்குகிறேன். தனி ஆளின் பெயர், இனம், மதம், எந்த ஊர், இவை எதுவும் ரிவியூவுக்குள் வரக்கூடாது. நிறுவனம் என்றால் வரலாம்: படை, திணைக்களம், சபை, கம்பனி. இப்படிப் பிரித்தால்?

மருதானைவாசி:

பிரித்தால் சரி. நடைமுறையில் பிரிப்பீர்களா என்று பார்ப்போம்.

மேட்டுலயம்:

கொழும்புக்காரர்கள் இரண்டு பக்கமும் சண்டை பிடிக்கிறீர்கள், ஆனால் "ஓனர்" ஒருவர்தான் இருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிற கேம்ப் சைட்டுக்கு யார் ஓனர்? சொல்லுங்கள் பார்ப்போம்.

காணி அரசாங்கத்துடையது. 70களில் காணிச் சீர்திருத்தச் சட்டத்தில் எடுத்தது, பெருந்தோட்ட யாக்கம், ஜனவசம என்ற அரச நிறுவனங்கள் வைத்திருந்தன, 1992இல் கம்பனிகளுக்கு நிர்வாகத்துக்குக் கைமாறியது. அப்புறம் நீண்டகாலக் குத்தகை ஆனது. கம்பனி மேட்டில் ஒரு துண்டை, தேயிலை நன்றாக வராத, ஆனால் பனி அழகாக இறங்குகிற ஒரு துண்டை, யாராவது ஒருவருக்கு உள்குத்தகைக்கு விடுகிறது. அவர் மரப்பலகையில் மேடை அடித்து டென்ட் போடுகிறார். புக்கிங் எடுப்பது கொழும்பில் இருக்கிற இன்னொரு பொடியன், அவனுக்குத் தனிப் பக்கம், தனி இலக்கம். விறகு சுமப்பது, காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவருவது கீழே தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள். அவர்களுக்குக் கையில் ஏதோ கொடுப்பார்கள்.

இப்போது ரிவியூவில் ஓனர் என்று யாரை எழுதப்போகிறீர்கள்? அரசாங்கத்தையா, கம்பனியையா, பலகை அடித்தவரையா, ஃபோன் எடுப்பவனையா? அந்த நான்கு பேரில் எவரை எழுதினாலும் அந்தக் காணியில் இருநூறு வருடத்துக்குக் கிட்ட உழைக்கிற எங்கள் சனத்தில் அநேகருக்கு அங்கே வீட்டுக்கு ஒரு காணி உறுதிப்பத்திரம் கிடைக்கவில்லை என்பது ரிவியூவில் வராது. சுற்றுலா வந்தவர் லயத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்துப் போடுவார், "மனதை நெகிழவைத்த சிரிப்பு" என்று. அந்த வகை ரிவியூக்களை முதலில் தடை செய்யுங்கள், ஓனரைப் பிறகு பார்க்கலாம்.

கோபத்தில் எழுதினேன். ஆனால் அழிக்கப் போவதில்லை.

பழையபஸ்:

மேட்டுலயம் சொன்னதுதான் எனக்கும் பிரச்சினை. எழுதத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது?

மழைக்கோட்டு:

காசை யார் வாங்குகிறாரோ அங்கே நிறுத்துங்கள் அண்ணா. எனக்கு அனுபவம் இருக்கிறது.

ஆற்றோரத்தில் ஓர் இடம், பெயர் வேண்டாம். ஆபீஸ் தோழிகளோடு போக முற்பணம் கட்டினோம். மண்சரிவு எச்சரிக்கை வந்து வீதி மூடினார்கள், போக முடியவில்லை. "வேறு திகதி தருகிறோம்" என்றார்கள், பிறகு ஃபோனே எடுக்கவில்லை. முறைப்பாடு செய்யலாம் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத உட்கார்ந்தால், யாருக்கு எதிராக எழுதுவது என்றே தெரியவில்லை. ஃபேஸ்புக் பக்கத்தின் பெயர் ஒன்று, பற்றுச்சீட்டு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இன்னொரு பெயர், காசு போன வங்கிக் கணக்கு மூன்றாவது ஓர் ஆளின் பெயரில். அந்த இடத்துக்கு நூற்றுக்கணக்கில் ரிவியூ இருந்தது. இதை நடத்துவது பதிவு செய்த வியாபாரமா என்று ஒருவர்கூட எழுதவில்லை. எல்லாரும் ஆற்றைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஆறு நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: கம்பனி என்றால் பதிவு இலக்கம் இருக்கும், தனியார் கம்பனிக்கு "பீவீ" என்று தொடங்கும். தனி ஆள் வியாபாரம் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு இருக்கும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதிந்திருக்கிறார்களா என்று கேட்கலாம். ரிவியூ எழுதுகிறவர் "பில் தந்தார்கள், அதில் கம்பனிப் பெயர் இருந்தது" என்று ஒரு வரி எழுதினால் போதும். மருதானைவாசி நானா பயப்படுகிறபடி ஆளின் பெயரும் வேண்டாம், மதமும் வேண்டாம்.

இரண்டுஊர்:

நான் அமெரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது தெஹிவளையில். அங்கே கேம்பிங் வேறு அளவில் நடக்கிற தொழில், அதனால் இந்தச் சண்டையை அவர்கள் வேறு வழியில் பிடிக்கிறார்கள்.

கேஓஏ என்று மஞ்சள் பலகை போட்ட கேம்ப் சைட்டுகள் அந்த நாடு முழுக்க உண்டு. 1962இல் மொன்டானாவில் பில்லிங்ஸ் என்ற ஊரில் தொடங்கியது. பலகை ஒன்று, ஆனால் பெரும்பாலானவை தனித்தனிக் குடும்பங்கள் பிரான்சைஸ் எடுத்து நடத்துபவை. அதனால் ஓர் ஊரில் சொர்க்கம், அடுத்த ஊரில் நரகம். அங்கே ரிவியூவில் அதிகம் பயன்பட்ட ஓனர் தகவல் எது தெரியுமா? யார் என்பது கூட இல்லை, எப்போது மாறினார் என்பது. "போன வருடம் கைமாறிவிட்டது, பழைய ரிவியூக்களை நம்பவேண்டாம்" என்று ஒருவர் எழுதினால் அதுதான் முழுப் பக்கத்திலும் பெறுமதியான வரி. இங்கே எவரும் அதை எழுதுவதில்லை. நல்லபடி நடத்தியவர் விற்றுவிட்டு வெளிநாடு போய்விடுகிறார், அவர் சம்பாதித்த நட்சத்திரங்களை வாங்கியவர் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்.

அரசாங்கக் காணி என்றாலும் அங்கே நேராக அரசாங்கம் நடத்துகிறது என்று அர்த்தமில்லை. தேசியக் காடுகளில் உள்ள பல கேம்ப் சைட்டுகளை ஒப்பந்தத்தில் தனியார் நடத்துகிறார்கள். அரசாங்க முன்பதிவுத் தளத்தையே பூஸ் ஆலன் ஹமில்டன் என்ற ஆலோசனைக் கம்பனிதான் ஒப்பந்தத்தில் நடத்துகிறது. பூங்காவுக்குக் காசு கொடுக்கிறோம் என்று நினைத்து முன்பதிவுக் கட்டணம் கட்டினவர்கள் அதை அறிந்து கொதித்தார்கள், வழக்கும் போட்டார்கள். மேட்டுலயம் சொன்ன அடுக்குகள் அங்கேயும் உண்டு, சனம் மட்டும் வேறு.

இன்னொன்று. அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2024இல் பொய் ரிவியூக்களுக்கு எதிராக ஒரு விதி கொண்டுவந்தது. கம்பனியின் உள்ளாள் தான் உள்ளாள் என்று சொல்லாமல் புகழ்ந்து எழுதுவதும் அதில் அடங்கும். அதாவது சட்டம் முதலில் கேட்பது இடத்துக்கு ஓனர் யார் என்றல்ல, எழுதுகிறவர் ஓனருக்கு யார் என்று.

ஆற்றங்கரை:

இரண்டுஊர் கடைசியில் எழுதியதற்காகவே இந்த இழைக்குள் வருகிறேன். நான் கித்துல்கல பக்கம் டென்ட் போட்டு நடத்துகிற ஆள். மழைக்கோட்டு அக்கா, நீங்கள் சொன்ன இடம் என்னுடையது இல்லை, நானும் பதிவு வைத்திருக்கிறேன், பில்லும் கொடுக்கிறேன். வந்து பாருங்கள்.

ஓனரைப் பற்றி இவ்வளவு கதைக்கிறீர்களே, ரிவியூ எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்லட்டுமா? ஆள் வருவதற்கு முன்பே மெசேஜ் வரும்: "எனக்கு இத்தனை ஃபொலோவர்ஸ், இரண்டு இரவு இலவசமாகத் தந்தால் நல்லபடி எழுதுகிறேன்." இல்லை என்றால் நட்சத்திரம் குறையும். வான் டிரைவருக்குக் கொமிஷன் குறைத்தால், அவர் கொண்டுவருகிற கூட்டத்தில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போடுவார். வானை யார் ஓட்டியது என்று நான் பார்த்துத் தெரிந்துகொள்வேன், வாசிக்கிறவருக்கு அது தெரியாது. ஆற்றின் அக்கரையில் இருப்பவரின் மைத்துனர் எனக்கு எழுதிய ரிவியூ இன்றும் இருக்கிறது, நுளம்பு என்னுடைய தவறாம். அக்கரையில் நுளம்பு இல்லைப் போல.

நான் ஓனர் என்று என் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் யாருடைய மச்சான் என்று நீங்களும் எழுதுங்கள். அப்புறம் சமமாகப் பேசலாம்.

காலிவீதி:

நியாயம். நான் அந்த இடத்துக்கு முழுக் காசு கட்டித்தான் தங்கினேன், அங்கே எனக்குச் சொந்தமும் இல்லை பகையும் இல்லை. ரிவியூவிலும் சேர்த்துவிடுகிறேன்.

ஆனால் கொமிஷன் கதையைக் காட்டி முதல் கதையை மூடிவிடாதீர்கள். பாணமையை எடுங்கள். அறுகம்பேக்குத் தெற்கே, சிங்களவரும் தமிழரும் கலந்து வாழ்கிற ஊர். 2010 ஜூலையில் ராகம்வெலவிலும் அயல் கிராமங்களிலும் குடும்பங்கள் விரட்டப்பட்டன, பிறகு அந்தக் கரையோரக் காணிகளில் கடற்படையும் விமானப்படையும் இருந்தன, கடற்படை சுற்றுலாக் கபானாவும் கட்டியது. காணியை விடுவிப்பதாக 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் சனம் போராடிக்கொண்டிருந்தது. அங்கே தங்கி வந்து "அமைதியான களப்பு, கூட்டமே இல்லை" என்று எழுதுவதைப் பாருங்கள். ஏன் கூட்டம் இல்லை என்று எழுதாத ரிவியூ எனக்குப் பாதி ரிவியூதான். இதை நான் தமிழன் என்பதால் சொல்லவில்லை, காணி இழந்தவர்களில் பெரும்பகுதி சிங்களச் சனம்.

பழையபஸ்:

பாணமை விஷயம் நான் முன்பே வாசித்திருக்கிறேன். எழுத வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அங்கே போனால் எனக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்? களப்பைப் பார்ப்பேன், மீன் சாப்பிடுவேன், வருவேன். தங்கினவன் எல்லாரையும் காணி ஆணையாளராக்க முடியாது.

மேட்டுலயம்:

தெரிந்தவர் எழுதட்டும். தெரியாதவர் "அமைதி" என்று எழுதாமல் இருக்கட்டும்.

மழைக்கோட்டு:

உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வழி இருக்கிறது. அரசாங்கக் காணி, திணைக்களக் காணி என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் வேறு ஒரு விஷயத்துக்குப் போட்டிருக்கிறேன், ஆபீஸில் சலித்துக்கொண்டே கொடுத்தார்கள். இந்தக் குழுமத்தில் சனம் அதிகம் போகிற கொஞ்ச இடங்களுக்கு யாராவது பொறுப்பெடுத்துப் போட்டால் நல்லது. யாரும் முன்வராவிட்டால் நான் ஒன்றுக்குப் போடுகிறேன்.

நெறியாளர்:

எல்லாவற்றையும் வாசித்தேன். கட்டாயம் ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனம் நடத்துகிற இடம் என்றால் எழுதலாம், எந்த நிறுவனமாக இருந்தாலும். நீங்கள் பார்த்தது எங்கே என்றும் சேர்த்து எழுதுங்கள்: பலகையில், பில்லில், அவர்களுடைய இணையப் பக்கத்தில். தனி ஆளின் இனம், மதம், குடும்பம் பற்றிய வரியை, புகழ்ச்சியாக இருந்தாலும், நான் நீக்குவேன். "அந்த அமைச்சரின் ஆளுடைய இடமாம்" என்ற "மாம்" எல்லாம் உடனே போகும். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இலேயே நீக்கப்பட்டதுதான், ஆனால் சிவில் வழக்குப் போட எவருக்கும் தடையில்லை. 2024இலிருந்து நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. "மாம்" என்ற எழுத்தை நம்பி நான் நீதிமன்றம் ஏறத் தயாரில்லை. கைமாறியது தெரிந்தால் எழுதுங்கள், அது நல்ல யோசனை. இலவசமாகத் தங்கியிருந்தாலோ, உறவு இருந்தாலோ முதல் வரியிலேயே சொல்லவேண்டும். இது ஒன்றை மட்டும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காணித் தகராறு பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. ரிவியூவுக்குள்ளேயே வரலாமா, தனி இழையாக வைத்து அங்கே இணைப்புக் கொடுக்கலாமா என்று சொல்லுங்கள்.

காலிவீதி:

தனி இழை வேண்டாம், அங்கே எவரும் போகமாட்டார்கள். ரிவியூவுக்குள்ளேயே இரண்டு வரி, தெரிந்த வருடத்தோடு.

மருதானைவாசி:

நானும் அந்தப் பக்கம்தான். மறைத்து வைத்த தகவல் வதந்தியாகத்தான் திரும்பி வரும்.

பழையபஸ்:

எனக்குத் தனி இழைதான் சரி. எதிர்ப்பக்கத்தில் என் கை ஒன்று என்று பதிந்துகொள்ளுங்கள்.

காலிவீதி:

சரி, திருத்திய ரிவியூவைப் போட்டுவிட்டேன். நடத்துவது யார் என்று பலகையில் இருந்தபடி எழுதியிருக்கிறேன். கட்டணம் முழுதாகக் கட்டியது, பில்லில் என்ன பெயர் இருந்தது, காணி பற்றி எனக்குத் தெரிந்தது, எல்லாம் உண்டு. பழையபஸ் அண்ணா, பார்த்துச் சொல்லுங்கள்.

பழையபஸ்:

பார்த்தேன். யார் நடத்துகிறார், யார் வாங்கினார், யார் விரட்டினார் எல்லாம் தெளிவாக இருக்கிறது. கக்கூஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. எத்தனை இருக்கிறது, இரவில் லைட் எரியுமா? வருகிற போயாவுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன், அவ அதைத்தான் முதலில் கேட்பா.